ஓர் இடத்துக்கான கணக்கு

பொருளாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
நாற்பது பக்க நோட்டு ஒன்று,
அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட்.

ஆடி என்பதால் கூடலூரில்
கல்யாண மண்டபம் பாதி வாடகை.
எட்டு நாள் உடலியக்க முகாம்:
நடப்பது, விழுவது, எழுவது,
மூச்சை எங்கே வைப்பது என்பது.
கோட்டயத்திலிருந்து ரெஜினா வருகிறார்.
தலைக்கு ஆறாயிரம், சாப்பாட்டோடு.
ஒரே ஓர் இடம் இலவசம் என்று தீர்மானம்.
அந்த ஆறாயிரத்துக்குத்தான் அலைந்தேன்.

ரிட்டயர்டு லைன்மேன் தங்கப்பாண்டி
ஐந்நூற்றொன்று தந்தார்.
ரசீதில் என்ன எழுத என்றேன்.
'என் சம்சாரத்தோட முழங்கால் நினைவாக.'
உள்ளே அந்த அம்மா
காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்படியே எழுதினேன்.

திராட்சைத் தோட்டத்து பொம்முராஜிடம் ரொக்கமில்லை.
இரண்டு கிரேட் பன்னீர் தந்தார்.
பஸ் ஸ்டாண்டில் விற்றதில் எழுநூற்றி நாற்பது,
சட்டையில் ஒரு கறை.

ஏலக்காய்க் கடை முதலாளி
மூவாயிரத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தார்:
முகாமுக்கு முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒன்று.
அதே ஆள், அதே சுவர்.
என்ன மாறியிருக்க வேண்டும் என்றேன்.
கொஞ்சம் யோசித்து, 'சிரிக்கட்டும்' என்றார்.
வீட்டுக்கு வந்து அந்த வரியை அடித்தேன்.
அடித்த பிறகும்
மூவாயிரம் மூவாயிரமாகத்தான் தெரிந்தது.
ஐம்பதும் நூறுமாக மறுபடி அலைந்தேன்.

விண்ணப்பத்தில் ஒரே கேள்வி:
உங்கள் உடம்பைப் பற்றி ஐந்து வரி எழுதுக.
பலர் உயரமும் எடையும் எழுதினார்கள்.
ஒருவர் இரத்த வகை.
சுருளீஸ்வரி எழுதியிருந்தாள்:

'காலையில் நாலரைக்கு ஜீப்பில் ஏறுவேன்.
பதினாறு பேர். இடது கால்
என்னுடையதா பக்கத்து ஆளுடையதா என்று
குமுளி போய்ச் சேரும்வரை தெரியாது.
ஏலச்செடிக்குக் காய் தூரில் இருக்கும். அதனால்
நாள் முழுக்கக் குத்தவைத்தே இருப்பேன்.
நிமிர்ந்தால் கங்காணி பார்ப்பார்.
ராத்திரி அட்டை கடித்த இடங்களை எண்ணுவேன்,
எண்ணி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.
ஐந்து வரி தாண்டிவிட்டது, மன்னிக்கவும்.'

போன் போட்டேன்.
கொண்டை ஊசி வளைவுகளில்
அவள் குரல் அறுந்து அறுந்து வந்தது.
'ஃபீஸ் இல்லைங்கிறது சரிங்க.
எட்டு நாள் கூலி?'

நோட்டைப் பார்த்தேன்.
அப்படி ஒரு கட்டமே நான் போடவில்லை.
இலவசம் என்று மட்டும்
நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம்.

சாரல் நேரம், காய் எடுப்பு மும்முரம்.
நாளுக்கு நானூற்றி ஐம்பது.
எட்டுக்கு மூவாயிரத்து அறுநூறு.
அது போக, ஒன்பதாம் நாள்
ஜீப்பில் அவள் இடத்தில்
வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

மற்ற பதினெட்டுப் பேருக்கும்
தலைக்கு இருநூறு கூட்டினோம்.
இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்,
ஒருவர் வாட்ஸ்அப் குழுவை விட்டே போனார்.
அந்த இருநூறு வேறு கணக்கு, விடுங்கள்.

ஜீப் ஓட்டும் சையது மீரானிடம் போய் நின்றேன்.
'அந்தப் புள்ள உக்கார்றது ஒரு சாண் இடம்.
சாக்கு மூட்டையப் போட்டுப் பிடிச்சு வக்கிறேன்.
பணமெல்லாம் எங்கிட்டக் கேக்காதீங்க.'
நன்கொடைப் பக்கத்தில் எழுதினேன்:
சையது மீரான், ஒரு சாண்.
கூட்டுத்தொகை இன்றுவரை நேராகவில்லை.

முதல் நாள் காலை ரெஜினா
எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னார்.
கையைக் காலை அகட்டிக்கொள்ளுங்கள்,
தரை உங்களைத் தாங்குகிறது, பாருங்கள்.
சுருளீஸ்வரி பார்க்கவில்லை. தூங்கிப்போனாள்.
ஆயிரம் பேர் பந்தி கொள்ளும் மண்டபத்தில்
முழங்காலை வயிற்றோடு மடக்கி,
ஒருக்களித்து, ஒரு சாண் இடத்தில்.

நான் எழுப்பப் போனேன்.
ரெஜினா கையைக் காட்டித் தடுத்தார்.
மத்தியானம் வரை மற்றவர்கள்
அவளை மிதிக்காமல் நடந்து பழகினார்கள்.

சாயங்காலம் ரப்பர் பேண்டைக் கழற்றி
புதுக் கட்டம் ஒன்று கிழித்து எழுதினேன்:
முதல் நாள். கூலி நானூற்றி ஐம்பது.
வழங்கப்பட்டது.